அடைவு மரம் காட்டும் ஷெல் நிரல்

அடைவு மரம் காட்டும் ஷெல் நிரல் என்பது, ஓர் அடைவுக்குள் ஒன்றனுள் ஒன்றாக அமைந்த உள்ளடைவுகளையும் கோப்புகளையும் கிளை பிரிந்த படமாக முனையத்தில் அச்சிடும் சிறு நிரலாகும். இவ்வேலைக்கு லினக்ஸில் ஸ்டீவ் பேக்கர் எழுதிய ட்ரீ என்ற கட்டளை உள்ளது. எம்எஸ்-டாஸிலும் அதே பெயரில் ஒரு கட்டளை இருந்தது. எனினும் பல வழங்கிகளில் ட்ரீ நிறுவப்பட்டிருப்பதில்லை. சாதாரணப் பயனருக்கு அதை நிறுவும் உரிமையும் இருப்பதில்லை. அத்தகைய இடத்தில் இருபது வரிகளுக்குள் இதை எழுதிக்கொள்ளலாம். தன்னைத்தானே அழைக்கும் செயல்கூறு எப்படி இயங்குகிறது என்பதைக் கற்கவும் இது நல்ல பயிற்சி.

எடுத்துக்காட்டு அடைவு

வருவாய்த்துறையின் பிரிவுமுறை இதற்குப் பொருத்தமான மாதிரியாகும். மாவட்டத்துக்குள் வட்டம், வட்டத்துக்குள் குறுவட்டம், அதற்குள் வருவாய் கிராமம் என்று அது இறங்குகிறது. திருநெல்வேலி மாவட்டத்தின் சில ஊர்களைக் கொண்டு ஓர் அடைவை அமைத்தால், எதிர்பார்க்கும் படம் இவ்வாறு இருக்கும்:

திருநெல்வேலி
|-- நாங்குநேரி
|   |-- ஏர்வாடி
|   |-- களக்காடு
|   `-- மூலைக்கரைப்பட்டி
`-- ராதாபுரம்
    `-- வள்ளியூர்

2019 நவம்பரில் தென்காசி தனி மாவட்டமானபோது நடந்ததும் ஒரு மரச் செயலே. ஒரு கிளை அப்படியே பெயர்த்தெடுக்கப்பட்டு வேறிடத்தில் நடப்பட்டது. அதற்குள் இருந்த ஊர்கள் எதுவும் மாறவில்லை. கோப்பு முறைமையிலும் ஓர் அடைவை அதே வட்டுப் பிரிவுக்குள் நகர்த்தினால் உள்ளிருக்கும் கோப்புகள் நகலெடுக்கப்படுவதில்லை. மேலடைவின் பதிவு மட்டுமே மாறும். பல கிகாபைட் அளவுள்ள அடைவு நொடியில் இடம் மாறுவது இதனால்தான்.

ஒரு வரி நிரல்

நெடுங்காலமாகப் புழக்கத்தில் உள்ள ஒரு குறுக்குவழி மூன்று கட்டளைகளைக் குழாய்க்குறியால் இணைப்பதாகும். எல்எஸ் கட்டளை எல்லா உள்ளடைவுகளையும் பட்டியலிடும்போது ஒவ்வோர் அடைவின் பாதையையும் முக்காற்புள்ளியுடன் முடிக்கும். அவ்வரிகளை மட்டும் கிரெப் பிரித்தெடுக்கும். பின்னர் செட், பாதையில் கடைசிப் பெயர் நீங்கலாக முன்னுள்ள ஒவ்வொரு பெயரையும் அதன் சாய்கோட்டோடு சேர்த்து இரண்டு சிறுகோடுகளாக மாற்றி, முதற்கோட்டை நிமிர்த்திவிடும்:

   .
   |-நாங்குநேரி
   |---ஏர்வாடி
   |---களக்காடு

பார்க்க அழகாக இருந்தாலும் இதில் கோப்புகள் தெரிவதில்லை. மேலும், ஒரு சாதாரணக் கோப்பின் பெயர் முக்காற்புள்ளியில் முடிந்தால் அதையும் அடைவென்று காட்டிவிடும். அவசரத்துக்கு உதவும், ஆனால் எதை அழிப்பது, எதை வைத்துக்கொள்வது என்று முடிவுசெய்ய இதை நம்பக்கூடாது.

தன்னையே அழைக்கும் முறை

முறையான நிரலின் போக்கைத் தமிழில் எழுதினால் இவ்வாறு அமையும்:

செயல்கூறு மரம் (அடைவு, முன்னொட்டு)
    அடைவின் உறுப்புகளைப் பட்டியலிட்டு எண்ணிக்கொள்
    ஒவ்வோர் உறுப்புக்கும்:
        கடைசி உறுப்பு எனில் கிளை = "`-- ", நீட்சி = "    "
        இல்லையெனில் கிளை = "|-- ", நீட்சி = "|   "
        முன்னொட்டு + கிளை + பெயர் அச்சிடு
        குறியீட்டு இணைப்பு எனில் அடுத்த உறுப்புக்குச் செல்
        அடைவு எனில் மரம் (உறுப்பு, முன்னொட்டு + நீட்சி)

இதன் உயிர்நாடி முன்னொட்டு ஆகும். ஒவ்வொரு நிலை இறங்கும்போதும் அது நான்கு எழுத்திடம் வளர்கிறது. மேல்நிலையில் இன்னும் உறுப்புகள் மீதம் இருந்தால் நிமிர்கோடு தொடரும். இல்லையெனில் அவ்விடம் வெற்றிடமாகும். மேலுள்ள படத்தில் வள்ளியூருக்கு முன் கோடு இல்லாததற்குக் காரணம் ராதாபுரம் கடைசிக் கிளை என்பதே. கடைசி எது என்று அறிய வேண்டியிருப்பதால், பட்டியலை முன்கூட்டியே எண்ணுவது தவிர்க்க முடியாததாகிறது.

மாணவர்கள் பெரும்பாலும் இடறும் இடம் மாறிகளின் எல்லை. ஷெல்லில் செயல்கூற்றுக்குள் வைக்கும் மாறி, வேறு அறிவிப்பு இல்லையெனில், நிரல் முழுவதற்கும் பொதுவானது. உள்ளழைப்பு முன்னொட்டை மாற்றிவிட்டுத் திரும்பினால், அடுத்து அச்சாகும் ராதாபுரம் ஒரு படி உள்ளே தள்ளப்பட்டு, நாங்குநேரிக்குள் இருக்கும் ஊர் போலத் தோன்றும். பிழைச்செய்தி எதுவும் வராது. படம் மட்டும் பொய் சொல்லும். பேஷில் லோக்கல் என்ற சொல்லால் மாறியை உள்ளுக்குரியதாக அறிவிக்கலாம். மற்ற ஷெல்களிலும் ஓட வேண்டுமானால் செயல்கூற்றின் உடலை நெளிவு அடைப்புக்குப் பதில் பிறை அடைப்புக்குள் இட்டுத் துணை ஷெல்லாக இயக்கலாம். இது சற்று மெதுவானது.

வெற்று அடைவும் ஒரு பொறியே. உறுப்பு எதுவும் இல்லாதபோது உடுக்குறி விரியாமல் உடுக்குறியாகவே நின்றுவிடும். ஆகவே அச்சிடுமுன் அப்படி ஒரு கோப்பு உண்மையில் உள்ளதா என்று சோதிக்க வேண்டும். புள்ளியில் தொடங்கும் மறைகோப்புகளை உடுக்குறி பிடிக்காது. பெயர்களில் இடைவெளி இருக்கக்கூடும் என்பதால் ஒவ்வொரு மாறியையும் மேற்கோள்குறிக்குள் வைப்பது கட்டாயம்.

குறியீட்டு இணைப்புகள்

மரத்தில் ஓர் உறுப்புக்கு ஒரே தாய்தான் உண்டு. ஊர்களோ அப்படி அடங்குவதில்லை. களக்காடு வருவாய்க் கணக்கில் நாங்குநேரி வட்டத்தைச் சேர்ந்தது. ஊராட்சி நிர்வாகத்தில் களக்காடு, நாங்குநேரி என இரண்டு தனி ஒன்றியங்கள் உள்ளன. இரண்டு பிரிவுமுறைகளையும் ஒரே வட்டில் வைக்க விரும்புவோர், ஒரு முறையில் உண்மையான அடைவையும் மற்றதில் குறியீட்டு இணைப்பையும் வைப்பர்.

அந்த இணைப்பு தனக்கு மேலுள்ள அடைவையே சுட்டினால் நிரல் சுற்றில் விழும். லினக்ஸ் ஒரு பாதையில் 40 இணைப்புகளுக்கு மேல் பின்தொடர மறுப்பதால் ஒற்றைச் சுற்று ஒருவழியாக நின்றுவிடும். ஆனால் அதற்குள் ஒரே கிளை திரும்பத் திரும்ப அச்சாகியிருக்கும். இத்தகைய இணைப்புகள் இரண்டு இருந்தால் கிளைகள் ஒவ்வொரு சுற்றிலும் இரட்டிப்பாகி, நிரல் நடைமுறையில் முடியவே முடியாது. அடைவா என்ற சோதனை இணைப்பைத் தாண்டிச் சென்று பார்க்கும் என்பதால், இணைப்பா என்ற சோதனையை அதற்கு முன்பே செய்ய வேண்டும்.

தமிழ்ப் பெயர்கள்

தமிழ் எழுத்துகளின் அகலம் ஒன்றுக்கொன்று வேறுபட்டாலும் மரப்படம் குலைவதில்லை. பெயர் வரியின் கடைசியில் வருவதும், சீராக இருக்க வேண்டிய முன்னொட்டில் கோடும் வெற்றிடமும் மட்டுமே இருப்பதும் இதற்குக் காரணம். சிக்கல் வேறிடத்தில் உள்ளது. யுடிஎஃப்-8 குறியேற்றத்தில் தமிழின் ஒவ்வொரு குறியெண்ணும் 3 பைட் எடுக்கும். நாங்குநேரி என்ற பெயர் 10 குறியெண்கள், அதாவது 30 பைட். எக்ஸ்ட்4 கோப்பு முறைமையில் ஒரு பெயருக்கு 255 பைட்டே வரம்பு என்பதால் தமிழில் 85 குறியெண்களுக்கு மேல் பெயரிட முடியாது. மொழியமைப்பு யுடிஎஃப்-8 இல்லாத வழங்கியில் ட்ரீ, எல்எஸ் போன்றவை தமிழ்ப் பெயருக்குப் பதில் எண்களையோ கேள்விக்குறிகளையோ காட்டக்கூடும். கோப்பு கெட்டுவிட்டதாக எண்ணி அதை நீக்கிவிடக்கூடாது.

வரிசையும் தமிழ் நெடுங்கணக்குப்படி அமையாது. யூனிகோடில் ன என்ற எழுத்து ந, ப ஆகியவற்றுக்கு இடையில் உள்ளது. எனவே மொழியமைப்பு இல்லாத ஷெல்லில் மன்னார்புரம் முன்னும் மருதகுளம் பின்னும் அச்சாகும்; அகராதியிலோ மருதகுளமே முந்தி வரும்.