கருவி மூன்று டிகிரி காட்டிய இரவில் பீன்ஸ் ஏன் கருகியது?

ரபி பருவப் பயிர்க் காப்பீட்டுக்கு வழக்கமாக டிசம்பர் 31 கடைசி நாள். கேரளத்தின் இடுக்கி மலையூர்களான வட்டவடை, கோவிலூர், கொட்டாக்கொம்பூர் பக்கமிருந்து வந்த கடிதங்களில் ஏறக்குறைய ஒரே குழப்பம்தான். வானிலைப் பதிவேட்டில் மூன்று டிகிரி இருப்பதால் உறைபனியே விழவில்லை என்று காப்பீட்டுத் தரப்பில் சொல்கிறார்களாம். அப்படியானால் பீன்ஸ் எப்படிக் கருகியது, அடுத்த பாத்தியில் பூண்டு எப்படித் தப்பியது?

முதல் கேள்விக்கு விடை எளிது. 'குறைந்தபட்ச வெப்பநிலை' என்று அரசு சொல்வது, தரைக்கு நாலடி உயரத்தில் மறைப்புக்குள் இருக்கும் கருவி உணரும் காற்றின் சூடு. இலையின் சூடு அல்ல. மேகமும் காற்றும் இல்லாத இரவில் இலை தன் வெப்பத்தை வானத்துக்கு விட்டுவிட்டு, காற்றைவிடச் சில டிகிரி கூடுதலாகக் குளிர்ந்துவிடும். கருவியில் மூன்று, பாத்தியில் சுழியத்துக்கும் கீழே.

இரண்டாவது கேள்விக்குச் செல்லின் சவ்வுக்குள் போக வேண்டும். பனி இலையைக் குத்திக் கிழிப்பதாகத்தான் நினைக்கிறோம். பெரும்பாலும் நடப்பது வேறு. செல்லுக்கு வெளியே உறையும் பனி, உள்ளேயிருக்கும் தண்ணீரை இழுக்கிறது. செல் சுருங்க, விலகி இருந்த சவ்வுகள் நெருங்குகின்றன. சவ்வு இரண்டடுக்குக் கொழுப்பு. தண்ணீர் சூழ்ந்திருக்கும்வரைதான் தட்டையாக நிற்கும். தண்ணீர் போனதும் அதிலுள்ள சில கொழுப்புகள் குழாய்போலச் சுருண்டு பக்கத்துச் சவ்வோடு கலந்துவிடும். வெயில் வந்து பனி உருகும்போது உள்ளே இருந்ததெல்லாம் ஒழுகும். இலை வெந்த கீரைபோலத் தொங்குவது அதனால்தான்.

குளிர் தாங்கும் செடிகளிடம் இதற்கு ஒரு தந்திரம் இருக்கிறது. முட்டைக்கோஸுக்கு உறவான அரபிடாப்சிஸ் என்ற ஆய்வுச் செடியில் அதை விரிவாகப் பார்த்திருக்கிறார்கள். பசுங்கணிகத்துக்குள் கோர்-15ஏ என்றொரு புரதம். தண்ணீர் தாராளமாக இருக்கும்போது அதற்கு உருவமே இல்லை, அவிழ்ந்த நூல். செல் வறளத் தொடங்கியதும் நூல் முறுக்கேறிச் சுருளாகிறது. சுருளின் ஒரு பக்கம் கொழுப்பை நாடும், மறுபக்கம் தண்ணீரை. கொழுப்பை நாடும் பக்கம் கீழே வர, புரதம் சவ்வின்மேல் பாய் விரித்ததுபோலப் படிந்துகொள்கிறது. அடியிலிருக்கும் கொழுப்பு எளிதில் சுருள முடிவதில்லை. செல்லைக் கெடுக்க வந்த வறட்சியே காவலாளையும் எழுப்பிவிடுகிறது. தனியாக ஆள் போட்டு மணியடிக்க வேண்டியதில்லை.

உறுத்துவது அடுத்த விஷயம். இந்தப் புரதம் எப்போதும் கையிருப்பில் இருக்காது. சில நாள் குளிர் பழகிய பிறகே செடி அதைச் செய்து சேர்க்கும். மேகம் மூடிக் கதகதப்பாகப் போன வாரத்துக்குப் பின் ஒரே இரவில் வானம் வெளுத்தால், பழகும் இனம்கூட அடிவாங்கும். ஓர் இரவின் எண்ணை மட்டும் பார்க்கும் காப்பீட்டுக் கணக்குக்கு முந்தைய வாரம் தெரியாது.

பூண்டில் இருப்பதும் இதே புரதம்தான் என்று நான் சொல்லவில்லை. ஆனால் பூண்டு குளிர் பழகும் பயிர். பீன்ஸும் உருளைக்கிழங்கும் எத்தனை நாள் கொடுத்தாலும் பழகாதவை.

மற்ற கேள்விகள்:

புவிசார் குறியீடு வாங்கியதால்தான் நம் பூண்டு தாங்குகிறதா? குறியீடு பெயரைத்தான் காக்கும், பயிரை அல்ல.

விடியற்காலையில் தண்ணீர் தெளிக்கலாமா? பனி உருகும்வரை நிறுத்தாமல் தெளிக்க முடிந்தால் மட்டும். பாதியில் நின்றால் சேதம் கூடும்.

மேலே போர்த்தினால்? பலன் உண்டு, நீலகிரியில் தேயிலைக்குத் தாகைச் செடியைப் போர்த்துகிறார்கள்.

கருகியதை உடனே பிடுங்கலாமா? சில நாள் பொறுங்கள், தண்டு துளிர்க்கலாம்.

பிரீமியம் கட்டும் முன் கிருஷி பவனில் இரண்டு கேள்விகளைக் கேட்டு, பதிலை எழுதி வாங்குங்கள்: எங்கள் ஊருக்கு எந்த வானிலை நிலையத்தின் அளவைக் கணக்கில் எடுப்பீர்கள்? அது எங்கள் பாத்தியிலிருந்து எவ்வளவு தூரம், எவ்வளவு உயரத்தில் இருக்கிறது?