சட்டைப் பையில் குட்டி வெடிகுண்டு! பேட்டரியை நோண்டும் ஆசாமிகளே, உஷார்!

கட்டை விரல் நகம் அளவுக்கு ஒரு பச்சைத் தகடு. விலை சொற்பம். பவர் பேங்க் வெடிக்காமல் காப்பது அதுதான். எலெக்ட்ரானிக் சிகரெட்டுக்கும் அதுதான் காவல்.

அந்தக் காவல்காரனையே கழற்றி எறிந்துவிட்டு, "ஆகா, புகை குப்குப்னு வருதே!" என்று குதிக்கும் ஆசாமிகள் வெளிநாடுகளில் உண்டு. அவர்களில் சிலர் கை வெந்தவர்கள். சிலர் பல் உடைந்தவர்கள்.

டார்ச் லைட்டில் புகை!

எலெக்ட்ரானிக் சிகரெட்டை 2003-ல் உருவாக்கியவர் ஹான் லிக் என்ற சீன மருந்தாளுநர். உள்ளே ஒரு பேட்டரி. ஒரு கம்பிச் சுருள். நிகோடின் கலந்த திரவம். பேட்டரி சுருளைச் சூடாக்கும். திரவம் ஆவியாகும். அம்புட்டுதான் சமாச்சாரம்.

முதலில் வந்தவை பென்சில் போல ஒல்லி. பேட்டரியும் பொடிசு. சீக்கிரம் சார்ஜ் இறங்கிவிடும். ஆசை யாரை விட்டது? அமெரிக்காவிலும் ஐரோப்பாவிலும் சில கில்லாடிகள் கோதாவில் இறங்கினார்கள். டார்ச் லைட் குழாயை எடுத்தார்கள். அதற்குள் பெரிய லித்தியம் செல்லைச் செருகினார்கள். சிலர் பவர் பேங்கைப் பிரித்து, அதன் போர்டையும் செல்லையும் புகைக்குப் பயன்படுத்தினார்கள்.

இங்கேதான் வந்தது வினை. பவர் பேங்க் போர்டு செல்போனுக்காகச் செய்யப்பட்டது. சாதாரண போர்டு 5 வோல்ட்டில் 2 ஆம்பியர் கொடுக்கும். அதாவது 10 வாட். அதற்கு மேல் இழுத்தால் "முடியாது" என்று நிறுத்திவிடும். புகைப் பிரியர்களுக்கு இது போதவில்லை. போர்டைச் சுற்றிக் குறுக்கு ஒயர் போட்டார்கள். போர்டே இல்லாத குழாய்களும் கடைக்கு வந்துவிட்டன.

கணக்கைப் பாருங்கள்!

பவர் பேங்க்கில் பரவலாக இருக்கும் செல்லுக்கு 18650 என்று பெயர். குறுக்களவு 18 மில்லி மீட்டர், நீளம் 65 மில்லி மீட்டர். அதனால் வந்த பெயர். முழுச் சார்ஜில் 4.2 வோல்ட் இருக்கும்.

0.2 ஓம் சுருளை அதில் நேரடியாக மாட்டினால் 21 ஆம்பியர் பாயும். சுமார் 88 வாட். 40 வாட் குண்டு பல்பு இரண்டை எரிக்கும் சக்தி, வாய்க்கு அருகே! சுருள் 0.1 ஓம் ஆனால் 42 ஆம்பியர். நல்ல செல்லே 20, 30 ஆம்பியருக்கு மேல் தொடர்ந்து தாங்காது. பவர் பேங்க் செல்கள் பலவற்றுக்கு அதுவும் கிடையாது.

செல்லுக்குள் இரு முனைகளையும் பிரித்து வைப்பது தலைமுடியைவிட மெல்லிய பிளாஸ்டிக் தாள். சூடு ஏறினால் அது உருகும். முனைகள் ஒட்டிக்கொள்ளும். சூடு இன்னும் ஏறும். வாயு பொங்கும். எரியும் திரவம் பீறிடும். குழாயில் வாயு வெளியேற ஓட்டை இல்லாவிட்டால், குழாயே துப்பாக்கி ஆகிவிடும்!

சார்ஜ் ஏற்றும்போதும் இதே கதைதான். 4.2 வோல்ட் வந்ததும் மின்சாரத்தைக் குறைத்து நிறுத்த வேண்டும். தாண்டினால் ஆபத்து. ஒரேயடியாக வற்றிப்போன செல்லை மீண்டும் ஏற்றினாலும் ஆபத்து. உள்ளே இருக்கும் செம்பு கரைந்து, ஷார்ட் சர்க்யூட் ஆகலாம். இந்த இரண்டையும் கண் கொட்டாமல் கவனிப்பது அந்தப் பச்சைத் தகடுதான்.

2 பேர் பலி

அமெரிக்காவில் 2018 மே மாதம் புளோரிடா மாநிலத்தில் 38 வயது ஆசாமி ஒருவர், சிகரெட் வெடித்துத் துண்டு தலையில் பாய்ந்து மாண்டார். 2019 ஜனவரியில் டெக்சாஸ் மாநிலத்தில் 24 வயது வாலிபர் ஒருவரின் கழுத்து ரத்தக்குழாய் கிழிந்தது. அவரும் பிழைக்கவில்லை.

அமெரிக்கத் தீயணைப்பு நிர்வாகம் பத்திரிகைச் செய்திகளைத் திரட்டிக் கணக்கு எடுத்தது. 2009 முதல் 2016 வரை 195 சம்பவங்கள். 133 பேருக்குக் காயம். அதில் 38 பேருக்குப் படுகாயம். பாக்கெட்டில் சும்மா இருந்தபோதே வெடித்தவை மட்டும் 61!

பாக்கெட்டில் ஏன் வெடிக்கிறது? உதிரி செல்லைச் சாவிக் கொத்தோடும் சில்லறைக் காசோடும் போட்டுக்கொள்வது ஒரு முக்கிய காரணம். சாவி இரு முனைகளையும் தொட்டால் போதும், ஷார்ட் சர்க்யூட்! உதிரி 18650 செல்லை வாங்காதீர்கள் என்று அமெரிக்க நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2021 ஜனவரியில் எச்சரித்தது.

குப்பையில் நல்ல பேட்டரி

பேட்டரியைக் கெட்டது என்று தள்ளிவிடவும் முடியாது. ஒரு தடவை புகைத்துவிட்டு எறியும் சிகரெட்டிலும் லித்தியம் பேட்டரிதான் இருக்கிறது. அதை எடுத்து லண்டன், ஆக்ஸ்போர்டு விஞ்ஞானிகள் சோதித்தார்கள். 450 தடவைக்கு மேல் சார்ஜ் ஏற்றியும் அது உழைத்தது! ஆய்வு 2023-ல் வெளியானது.

பிரிட்டனில் 2022-ல் வாரத்துக்கு 13 லட்சம் சிகரெட்டுகள் இப்படிக் குப்பைக்குப் போவதாக ஒரு மறுசுழற்சி அமைப்பு மதிப்பிட்டது. குப்பை லாரிகளில் தீப்பிடிக்கிறது என்ற புகாரும் கிளம்பியது. 2025 ஜூன் 1 முதல் அங்கே இவற்றின் விற்பனைக்குத் தடை.

தூக்கி எறிந்ததைப் பொறுக்கி, பவர் பேங்க் செய்யும் கெட்டிக்காரர்களும் அங்கே உண்டு. விஷயம் தெரிந்தவர்கள் ஒவ்வொரு செல்லையும் அளந்து பார்க்கிறார்கள். ஒரே அளவு வோல்ட் உள்ளதை மட்டும் சேர்க்கிறார்கள். காவல் தகட்டைப் பொருத்திய பிறகே சார்ஜ் ஏற்றுகிறார்கள். அவர்களும் புகைக் கில்லாடிகளும் தொடுவது ஒரே செல்தான். ஒருவர் தகட்டை வைக்கிறார். இன்னொருவர் கழற்றுகிறார்.

நம்ம ஊரில்?

இந்தியாவில் எலெக்ட்ரானிக் சிகரெட்டே சட்ட விரோதம். 2019-ல் வந்த சட்டப்படி, விற்றால் முதல் தடவை ஓராண்டு ஜெயில் அல்லது ரூ.1 லட்சம் அபராதம், அல்லது இரண்டும். சரக்கைப் பதுக்கி வைத்தால் 6 மாதம் ஜெயில் அல்லது ரூ.50 ஆயிரம் அபராதம், அல்லது இரண்டும்.

ஆனால் அதே செல் இங்கே பவர் பேங்க் உருவத்தில் பஸ்ஸிலும் மின்சார ரெயிலிலும் தினமும் பயணம் போகிறது. எலெக்ட்ரானிக் சாமான்களுக்குப் பேர்போன சென்னை ரிச்சி தெரு போன்ற இடங்களில் செல்லும் தகடும் தனித்தனியாகவே வாங்கலாம்.

"10 ஆயிரம்னு போட்டிருக்கு, பாதிதான் ஏறுது. பிரிச்சு நல்ல செல் போட்டா என்ன?" என்று கிளம்புகிறவர்கள் கவனிக்க வேண்டும். 10 ஆயிரம் என்பது 3.7 வோல்ட் கணக்கு. செல்போனுக்கு 5 வோல்ட்டாக மாற்றும்போது அது 7,400 ஆகிவிடும். சூட்டில் போவது போக, 6 ஆயிரத்துச் சொச்சம் வந்தாலே அது நியாயமான சரக்கு.

18650 செல்லில் "9900" என்று அச்சடித்திருந்தால் அது டூப்ளிகேட். அசல் சரக்கே சுமார் 3,500-ஐத்தான் எட்டும். எடையும் 45 கிராம் அளவுக்கு இருக்கும். கையில் எடுத்தால் பஞ்சு மாதிரி இருக்கிறதா? வைத்துவிட்டு வந்துவிடுங்கள்.

கவனிக்க வேண்டியவை

பவர் பேங்க் வாங்கும்போது இந்தியத் தர நிர்ணய அமைப்பின் முத்திரையைப் பாருங்கள். "ஆர்" என்ற எழுத்தும் 8 இலக்க எண்ணும் இருக்க வேண்டும்.

வயிறு உப்பிய பேட்டரியை அமுக்காதீர்கள், குத்தாதீர்கள், சார்ஜ் ஏற்றாதீர்கள்.

தலையணைக்கு அடியில் வைத்துச் சார்ஜ் ஏற்றுவது கூடவே கூடாது.

உதிரி செல்லைப் பிளாஸ்டிக் டப்பாவில்தான் கொண்டுபோக வேண்டும்.

பழைய செல்லைக் குப்பைத் தொட்டியில் போடாதீர்கள். 2022-ல் வந்த விதிப்படி, பழைய பேட்டரியைத் திரும்பப் பெற ஏற்பாடு செய்ய வேண்டியது தயாரிப்பாளர் பொறுப்பு. முனைகளில் டேப் ஒட்டி, மின்னணுக் கழிவு வாங்குவோரிடம் கொடுங்கள்.

ரிப்பேர் கடைக்காரர் "இந்தத் தகடு வேணாம் சார், நேரா ஒயர் கொடுத்துடறேன்" என்று சொன்னால், பேசாமல் பவர் பேங்கை வாங்கிக்கொண்டு அடுத்த கடைக்கு நடையைக் கட்டுங்கள்!