முட்டைக்குள் 21 நாட்கள்

அடைக்கோழி இல்லாமலே குஞ்சு பொரிக்க வேண்டும் என்ற ஆசையில், தெர்மகோல் பெட்டி ஒன்றில் ஒரு குமிழ் விளக்கைப் பொருத்தி, நான் முதன்முதலாக அடைவைத்த முட்டைகள் 12. கிடைத்த குஞ்சுகள் 4. அவையும் 21ஆம் நாளில் வரவில்லை. 22ஆம் நாள் இரவு தொடங்கி 23ஆம் நாள் மாலையில்தான் வெளிவந்தன. மீதி 8 முட்டைகளுக்கு என்ன நேர்ந்தது? அவை ஏன் குஞ்சாகவில்லை? இந்தக் கேள்விகளுக்கு விடை தேடினால், முட்டைக்குள் நடப்பது என்ன என்பது தானாகவே விளங்கிவிடும்.

கோழியின் உடலுக்குள் ஒரு முட்டை முழுமை பெற ஏறத்தாழ 25 மணி நேரம் ஆகிறது. சேவலோடு சேர்ந்த கோழியானால், வெண்கருவும் ஓடும் போர்த்துக்கொள்வதற்கு முன்பே மஞ்சட்கரு கருவுற்றுவிடும். ஆகவே முட்டை கீழே விழும்போதே வளர்ச்சி தொடங்கி ஒரு நாள் ஆகியிருக்கும். மஞ்சட்கருவின் மேல் வெளிறிய சிறு வட்டமாகத் தெரியும் பகுதியில் பல்லாயிரம் உயிரணுக்கள் சேர்ந்திருக்கும். வெளியே வந்து குளிர்ந்ததும் அவை வளர்ச்சியை நிறுத்தி உறங்கத் தொடங்குகின்றன. நாட்டுக்கோழி நாளுக்கொன்றாக இட்டுச் சேர்த்த பத்துப் பன்னிரண்டு முட்டைகளும் ஏறக்குறைய ஒரே நாளில் பொரிப்பதன் இரகசியம் இந்த உறக்கமே. கோழி அடையில் அமரும் நாளில்தான் அத்தனை கருக்களும் ஒன்றாகக் கண் விழிக்கின்றன.

சேவல் சேராத கோழியும் முட்டை இடும். நாமக்கல் பண்ணைகளிலிருந்து கடைக்கு வரும் வெள்ளை முட்டைகள் இத்தகையவை. அங்கே கோழிகளுடன் சேவல்களை விடுவதில்லை. அவற்றை 21 நாள் அன்று, 210 நாள் அடைவைத்தாலும் குஞ்சு வராது. என் 12 முட்டைகளில் சந்தையில் வாங்கிய இரண்டு இவ்வகையைச் சேர்ந்தவை. விற்றவர் சேவல் அணைந்த முட்டை என்றுதான் சொன்னார். முட்டையின் முகத்தில் எழுதியா இருக்கிறது?

கருவின் உறக்கத்திற்கும் எல்லை உண்டு. 15 முதல் 18 டிகிரி செல்சியஸ் குளிர்ச்சியில் ஒரு வாரம் வரை முட்டையைக் கெடாமல் வைத்திருக்கலாம். நம் ஊரில் மே மாதத்தில் வீட்டுக்குள்ளேயே 33, 34 டிகிரி இருக்கிறது. இந்த வெப்பத்தில் கரு உறங்கவும் முடியாமல், ஒழுங்காக வளரவும் முடியாமல் நலிந்துபோகிறது. என் முட்டைகளில் ஒன்று பத்து நாள் பழையது. அடுக்களை அலமாரியில் கிடந்தது. அதன் கதை பின்னால் வரும்.

வெப்பம்தான் முதல் தேவை. காற்றாடி வைத்த பொரிப்பான் பெட்டியில் எங்கும் ஒரே சீராக 37.5 டிகிரி செல்சியஸ் இருந்தால் போதும். காற்றாடி இல்லாத பெட்டியிலோ சூடான காற்று மேலே சென்று தங்கிவிடும், அடியில் குளிர்ந்திருக்கும். அத்தகைய பெட்டியில் முட்டைகளின் மேல்மட்டத்தில் அளந்து 38.3 முதல் 38.9 டிகிரி வரை வைக்க வேண்டும். நான் செய்த தவறு இங்கேதான். வெப்பநிலைமானியை மூடிக்கு அருகில் தொங்கவிட்டேன். அது 38.5 காட்டிக்கொண்டிருந்தது, கீழே முட்டைகளோ அதைவிடக் குறைந்த சூட்டில் கிடந்தன. குஞ்சுகள் இரண்டு நாள் தாமதமாக வந்ததற்குக் காரணம் வேறெதுவும் இல்லை.

வாங்கிய வெப்பநிலைமானி சரியானதுதானா என்று பார்க்க எளிய வழி உண்டு. காய்ச்சல் பார்க்கும் மானி 35 முதல் 42 டிகிரி வரை நுட்பமாக அளக்கும். நமக்கு வேண்டியதும் அந்த எல்லைதான். வெதுவெதுப்பான நீரில் இரண்டின் முனைகளையும் ஒருசேர அமிழ்த்தி, எவ்வளவு வேறுபாடு என்று குறித்துக்கொள்ளலாம். எகிப்தில் மண்செங்கல்லால் கட்டிய பொரிப்பறைகளில் பல நூற்றாண்டுகளாக ஆயிரக்கணக்கான முட்டைகளைப் பொரித்துவந்தவர்களிடம் மானி எதுவும் இருக்கவில்லை. முட்டையை எடுத்து மூடிய கண்ணிமையின் மேல் வைத்துச் சூட்டைக் கணித்தார்கள். பிரான்சு நாட்டு அறிஞர் ரெயோமூர் செயற்கை முறையில் குஞ்சு பொரிப்பது பற்றி 1749இல் நூல் ஒன்று வெளியிட்டார். வெப்பநிலைக்குத் தம் பெயரால் ஓர் அளவுமுறை வகுத்தவரும் அவர்தான். இமை செய்த வேலையை மானியிடம் ஒப்படைக்க முயன்றவர் என்று அவரைச் சொல்லலாம்.

சூடு சற்றுக் குறைவதைவிடக் கூடுவது கொடியது. அடைக்கோழியே நாள்தோறும் இரை தேடவும் நீர் குடிக்கவும் கால் மணி நேரம் எழுந்து போகிறது; முட்டைகள் சற்றுக் குளிர்ந்து மீண்டும் சூடேறுகின்றன. ஆகவே அரை மணி நேர மின்வெட்டுக்கு அஞ்ச வேண்டாம். பெட்டியைத் திறக்காமல் ஒரு கம்பளியால் போர்த்தினால் போதும். ஆனால் சூடு 41 டிகிரியைத் தாண்டிச் சில மணி நேரம் நின்றால் கருக்கள் மாண்டுபோகும். வேலூரிலும் திருச்சியிலும் கத்திரி வெயிலில் அறையே 38 டிகிரிக்கு வந்துவிடும்போது, சூடேற்ற மட்டுமே தெரிந்த பெட்டியால் என்ன செய்ய முடியும்? புதிதாகத் தொடங்குபவர்கள் கோடையை விட்டு ஐப்பசிக்குப் பிறகு தொடங்குவது நல்லது. இன்னொன்று: எல்.இ.டி. விளக்கு இதற்கு உதவாது. அது வெளிச்சம் தரும். வேண்டிய சூட்டைத் தராது. பழைய இழைக் குமிழே வேண்டும். அது தெர்மகோலைத் தொடாதபடி பார்த்துக்கொள்ள வேண்டும்.

அடுத்தது ஈரமும் காற்றும். ஓடு கல்போல் தோன்றினாலும் அதில் சுமார் 10,000 நுண்துளைகள் உள்ளன. 60 கிராம் முட்டை ஒன்று 21 நாளில் ஏறத்தாழ 6 லிட்டர் ஆக்சிஜனை உள்ளே இழுத்து, 4.5 லிட்டர் கரியமில வாயுவையும் 11 லிட்டர் நீராவியையும் வெளிவிடுகிறது. முட்டை மூச்சு விடுகிறது! பெட்டியில் காற்றோட்டத் துளைகள் இட வேண்டியதன் காரணம் இதுவே. வெளியேறும் நீரின் இடத்தைக் காற்று நிரப்புவதால், முட்டையின் அகன்ற முனையில் உள்ள காற்றறை நாளுக்கு நாள் பெரிதாகிறது. பெட்டிக்குள் ஈரம் மிகுந்தால் நீர் போதிய அளவு வெளியேறாது. காற்றறை சிறுத்து, கடைசியில் குஞ்சு மூச்சுத் திணறும். ஈரம் குறைந்தாலோ உள்ளே உலர்ந்துபோகும். முதல் 18 நாள் 50 முதல் 55 சதவீதம் ஈரப்பதம் வேண்டும். ஈரமானியை நம்பாதவர்கள் தராசை நம்பலாம். 18ஆம் நாளில் முட்டையின் எடை 11 முதல் 13 சதவீதம் குறைந்திருக்க வேண்டும். 60 கிராம் முட்டை 53 கிராம் அளவுக்கு வந்திருக்கும். ஒரு கிண்ணம் நீரைப் பெட்டியில் வைப்பதோ எடுப்பதோ இதை வைத்துத்தான்.

முட்டையைத் திருப்புவதையும் கோழியிடமிருந்தே கற்க வேண்டும். அது அலகால் நாளில் பலமுறை முட்டைகளைப் புரட்டுகிறது. ஒரே நிலையில் கிடந்தால் கரு உட்சவ்வோடு ஒட்டிக்கொள்ளும். நாம் குறைந்தது மூன்று முறை திருப்ப வேண்டும். ஒருபக்கம் பென்சிலால் பெருக்கல் குறியும் மறுபக்கம் வட்டமும் போட்டுக்கொண்டால் குழப்பம் வராது. ஒற்றைப்படை எண்ணிக்கையில் திருப்பினால், நீண்ட இரவு நேரத்தில் அடுத்தடுத்த நாட்களில் வெவ்வேறு பக்கம் மேலே இருக்கும்.

இனி ஒளிச்சோதனை. முன்காலத்தில் மெழுகுவத்தியின் முன் முட்டையைப் பிடித்துப் பார்த்ததால் ஆங்கிலத்தில் இச்சோதனைக்கு மெழுகுவத்தியின் பெயரே நிலைத்துவிட்டது. நமக்கு ஒரு சிறு டார்ச்சு போதும். கைப்பேசியின் விளக்கும் போதும். இருண்ட அறையில், அகன்ற முனையை விளக்கின் மேல் வைத்து, வெளிச்சம் பக்கவாட்டில் கசியாமல் விரல்களால் சூழ்ந்துகொள்ள வேண்டும். ஒரு முட்டைக்கு அரை நிமிடத்திற்கு மேல் வேண்டாம். வெள்ளை ஓட்டில் ஐந்தாம் நாளிலேயே தெரியும். பழுப்பு ஓட்டுக்கு ஏழாம் நாள்வரை பொறுப்பது நல்லது.

ஏழாம் நாள் இரவு நான் பார்த்தபோது ஒன்பது முட்டைகளில் ஒரே காட்சி. நடுவில் ஒரு கரும்புள்ளி. அதிலிருந்து நாற்புறமும் சிலந்தி வலைபோல் சிவந்த இரத்த நாளங்கள். கூர்ந்து பார்த்தால் புள்ளி அசைகிறது. கருமையாகத் தெரிவது பெரும்பாலும் கண். குஞ்சின் கண் உடலை நோக்க மிகப் பெரிது. கி.மு. 4ஆம் நூற்றாண்டிலேயே அரிஸ்டாட்டில் அடைவைத்த முட்டைகளை நாள்வாரியாக உடைத்துப் பார்த்து, மூன்றாம் நாளில் துள்ளும் இரத்தப் புள்ளியாக இதயத்தைக் கண்டு எழுதிவைத்தார். அவர் உடைத்துப் பார்க்க நேர்ந்தது. நாம் உடைக்காமலே பார்க்கிறோம்.

சந்தை முட்டைகள் இரண்டும் தெளிந்த மஞ்சள் ஒளியாக நின்றன. மஞ்சட்கருவின் நிழல் மட்டுமே தெரிந்தது. முதல் ஓரிரு நாளிலேயே கரு மாண்ட முட்டையும் இப்படித்தான் தெரியும். ஆகவே உடைத்துப் பார்த்த பின்பே அவை கருவுறாதவை என்று உறுதியாயிற்று. அடுக்களை அலமாரியில் கிடந்த முட்டையில் நாளங்களுக்குப் பதிலாக மெல்லிய சிவப்பு வளையம் ஒன்று இருந்தது. வளரத் தொடங்கிய கரு மாண்டதும் நாளங்களில் இருந்த இரத்தம் விளிம்புக்கு ஒதுங்கி இப்படி வளையமாகிறது. இத்தகைய முட்டையை அன்றே எடுத்துவிட வேண்டும். விட்டுவைத்தால் அழுகி, சில வேளை வெடித்து, மற்றவற்றையும் கெடுக்கும்.

இடி இடித்தால் அடைமுட்டை கூமுட்டையாகும் என்று அஞ்சி, அடைக்கூடையில் இரும்புத் துண்டும் கரியும் போடும் வழக்கம் நம் கிராமங்களில் உண்டு. கோடை இடி வரும் மாதங்களும், சேர்த்து வைத்த முட்டை வெப்பத்தால் கெடும் மாதங்களும் ஒன்றே. வெயில் செய்த குற்றத்திற்கு இடி பழி சுமந்தது என்பது என் எண்ணம்.

14ஆம் நாளில் முட்டையின் பெரும்பகுதி இருண்டிருக்கும். 18ஆம் நாளில் காற்றறை தவிர மற்றதெல்லாம் கறுப்பு. என் ஒன்பது முட்டைகளும் அன்றைக்கு அப்படியே இருந்தன. சிலவற்றில் காற்றறையின் விளிம்பு துடித்ததையும் கண்டேன். அப்படியானால் அவற்றில் ஐந்து ஏன் குஞ்சாகவில்லை?

18ஆம் நாளோடு திருப்புவதை நிறுத்தி, ஈரப்பதத்தை 65 முதல் 70 சதவீதத்திற்கு உயர்த்தி, பெட்டியை மூடிவிட வேண்டும். பிறகு குஞ்சு தன் அலகால் உட்சவ்வைக் கிழித்துக் காற்றறையில் முதல் மூச்சை இழுக்கிறது. அந்தக் காற்று தீரத் தீர, அலகின் நுனியில் இதற்கென்றே முளைத்த கடினமான முட்டைப்பல்லால் ஓட்டில் ஒரு விரிசல் போடுகிறது. அதன்பின் அரை நாளுக்கு மேலும் அசையாமல் கிடக்கும். பார்ப்பவர்களுக்குக் குஞ்சு சோர்ந்துவிட்டதாகத் தோன்றும். உண்மையில் அந்நேரத்தில் நுரையீரல் பொறுப்பேற்கிறது. சவ்வின் நாளங்களில் உள்ள இரத்தம் உடலுக்குத் திரும்புகிறது. எஞ்சிய மஞ்சட்கரு வயிற்றுக்குள் இழுக்கப்படுகிறது. இந்தச் சேமிப்பு இருப்பதால்தான் பொரித்த குஞ்சு இரண்டு மூன்று நாள் இரையின்றி இருக்கிறது. ஒருநாள் குஞ்சுகளைப் பெட்டியில் அடைத்து நெடுந்தொலைவு அனுப்ப முடிவதும் இதனால்தான். இத்தருணத்தில் இரக்கப்பட்டு ஓட்டை உரித்தால் நாளங்கள் அறுந்து குஞ்சு இரத்தம் கக்கும்.

நான் ஓட்டை உரிக்கவில்லை. பெட்டியைத் திறந்தேன், அவ்வளவுதான். முதல் குஞ்சின் குரல் கேட்டது முதல் மணிக்கு இருமுறை மூடியைத் தூக்கிப் பார்த்தேன். வீட்டுப் பிள்ளைகளுக்கும் காட்டினேன். ஒவ்வொரு முறையும் ஈரக்காற்று வெளியேறி, வறண்ட காற்று புகுந்தது. 24ஆம் நாள் உடைத்தபோது, விரிசல் போட்ட முட்டைகள் மூன்றில் வெண்சவ்வு காய்ந்து, குஞ்சின் உடலோடு தாள்போல் இறுகி ஒட்டியிருந்தது. சுழன்று ஓட்டை வட்டமாக அறுக்க அவற்றால் முடியவில்லை. மற்ற இரண்டும் காற்றறையைத் தொடாமலே மாண்டிருந்தன. குறைந்த சூட்டில் வளர்ந்த நலிவே காரணமாக இருக்கலாம்.

அடுத்த முறை மூடியில் ஒரு கண்ணாடித் துண்டைப் பதித்தேன். மானியை முட்டை மட்டத்திற்கு இறக்கினேன். நாள் ஆன முட்டைகளை ஒதுக்கினேன். 10 முட்டைகளில் 8 பொரித்தன. உடல் உலர்ந்து பஞ்சுபோல் ஆகும்வரை அவற்றைப் பெட்டியிலேயே விட்டு, பிறகு 35 டிகிரிச் சூடுள்ள தனிக்கூண்டுக்கு மாற்றி, முதலில் நீரும் அடுத்து நொய்யும் வைத்தேன். பொரிக்காத இரண்டையும் உடனே எறியவில்லை. 23ஆம் நாள் இரவு மீண்டும் விளக்கின் மேல் வைத்துப் பார்த்தேன். காற்றறையில் நிழல் அசையவில்லை; அதன் பிறகே பெட்டியின் விளக்கை அணைத்தேன்.