சீட்டுக்கட்டிலிருந்து 'வீ' வரை: ஒரு வீடியோ கேம் கருவி சிகிச்சைக் கூடத்தை அடைந்த வரலாறு

பக்கவாதத்திற்குப் பின் இயன்முறை மருத்துவம் பெறுவோரின் குடும்பத்தினர் எங்களிடம் கேட்கும் கேள்விகளுள் ஒன்று இது: "தொலைக்காட்சியில் இணைத்து விளையாடும் வீடியோ கேம் ஒன்றை வாங்கிக் கொடுத்தால் கை விரைவில் தேறுமா?" கேட்பவரின் கவலை உண்மையானது. மருத்துவமனையில் நாள்தோறும் பயிற்சி செய்தவர், வீடு திரும்பிய சில வாரங்களிலேயே சலிப்புற்றுக் கையை மடியில் வைத்துக்கொண்டு அமர்ந்துவிடுகிறார். அவரை மீண்டும் இயங்கவைக்க எதையேனும் செய்ய வேண்டும் என்று குடும்பம் தவிக்கிறது. கடன் வாங்கியாவது ஒரு கருவியை வாங்கிவிடலாம் என்ற எண்ணமும் எழுகிறது.

வீடியோ கேம் ஒரு சிகிச்சைத் துணையாகலாம் என்ற எண்ணம் உலகெங்கும் பரவியதற்குப் பெரிதும் காரணமானது, ஜப்பானின் நின்டெண்டோ நிறுவனம் 2006இல் வெளியிட்ட 'வீ' என்னும் கருவி. அதன் வரலாற்றையும், மருத்துவ ஆய்வுகள் அதைப் பற்றிக் கண்டறிந்தவற்றையும் அறிந்துகொண்டால், மேற்கண்ட கேள்விக்குத் தெளிவான விடை கிடைக்கும்.

சரிவிலிருந்த நிறுவனம்

நின்டெண்டோ 1889ஆம் ஆண்டு கியோட்டோ நகரில் ஃபுசாஜிரோ யமாவுச்சி என்பவரால் தொடங்கப்பட்டது. 'ஹனஃபுடா' எனப்படும், மலர்ப் படங்கள் வரைந்த சீட்டுகளைத் தயாரிப்பதே அதன் முதல் தொழில். பல பத்தாண்டுகள் சீட்டு விற்ற அந்நிறுவனம் பின்னர்ப் பொம்மைகளுக்கும், அதன்பின் மின்னணு விளையாட்டுகளுக்கும் மாறியது. 1983இல் ஜப்பானில் வெளியான அதன் 'ஃபேமிகாம்' கருவியும், அதன் அயல்நாட்டு வடிவமும் சேர்ந்து 6 கோடியே 19 லட்சம் விற்பனையாயின.

அதன்பின் வந்த ஒவ்வொரு கருவியும் முந்தையதைவிடக் குறைவாகவே விற்றது. 'சூப்பர் ஃபேமிகாம்' 4 கோடியே 91 லட்சமும், 'நின்டெண்டோ 64' 3 கோடியே 29 லட்சமும் விற்றன. 2001இல் வெளியான 'கேம்கியூப்' 2 கோடியே 17 லட்சத்தோடு நின்றுவிட்டது. அதே காலத்தில் சோனி நிறுவனத்தின் 'பிளேஸ்டேஷன் 2' 15 கோடிக்கும் மேல் விற்பனையை எட்டியது. மைக்ரோசாஃப்ட் நிறுவனமும் 'எக்ஸ்பாக்ஸ்' கருவியுடன் களத்தில் இறங்கியது.

2002இல் சட்டோரு இவாட்டா நின்டெண்டோவின் தலைவரானார். நிறுவனரின் குடும்பத்தைச் சேராத முதல் தலைவர் அவரே. நிரல் எழுதுபவராகத் தம் வாழ்க்கையைத் தொடங்கியவர். போட்டி நிறுவனங்கள் மேலும் துல்லியமான படம், மேலும் வேகமான கணிப்பி என்று முன்னேறிக்கொண்டிருந்தன. இவாட்டா வேறொரு கேள்வியை எழுப்பினார்: இதுவரை விளையாடாதவர்கள் ஏன் விளையாடவில்லை? அன்றைய கருவிகளின் கைப்பிடியில் இரண்டு குச்சிகளும் பத்துக்கும் மேற்பட்ட பொத்தான்களும் இருந்தன. பழக்கமில்லாத ஒருவர் அதைக் கையில் வாங்கவே தயங்கினார்.

எளிய பொருள்களால் ஆன கருவி

நின்டெண்டோவில் பல ஆண்டுகள் பணியாற்றிய வடிவமைப்பாளர் குன்பெய் யோகோய், பழகித் தேர்ந்த, விலை மலிந்த தொழில்நுட்பத்தைப் புதிய முறையில் பயன்படுத்த வேண்டும் என்ற கொள்கை உடையவர். 1989இல் வெளிவந்த 'கேம் பாய்' அவ்வாறு உருவானதே. அவர் 1997இல் மறைந்தார். ஆயினும் அக்கொள்கையின் தடத்தை வீயிலும் காணலாம். வீயின் கணிப்பி, கேம்கியூபில் இருந்ததன் மேம்பட்ட வடிவமே. போட்டிக் கருவிகள் தந்த உயர்தெளிவுப் படத்தை அது தரவில்லை. புதுமை முழுவதும் அதன் கைப்பிடியில் இருந்தது.

அக்கைப்பிடி தொலைக்காட்சி ரிமோட் போன்ற வடிவில், ஒரு கையால் பிடிக்கத்தக்கதாக அமைக்கப்பட்டது. அதனுள் முடுக்கமானி என்னும் சிறு சில்லு உண்டு. சில்லினுள் நுண்ணிய சிலிக்கான் எடை ஒன்று மெல்லிய விற்களில் தாங்கி நிற்கும். கையை வீசும்போது அந்த எடை மிகச் சிறிய அளவில் இடம்பெயரும். அதனால் ஏற்படும் மின் மாற்றத்தைக் கொண்டு, கை எத்திசையில் எவ்வளவு விரைவாக அசைந்தது என்பதைக் கருவி கணிக்கும். இவ்வகைச் சில்லுகள் முதலில் பெருமளவில் பயன்பட்டது கார்களின் காற்றுப்பைகளில்தான். மோதலை உணர்ந்து பையை விரிக்கச் செய்வது அங்கு அவற்றின் வேலை.

தொலைக்காட்சியின் மேல் வைக்கப்படும் நீண்ட பட்டை அகச்சிவப்பு ஒளியை உமிழும். கைப்பிடியின் முனையிலுள்ள சிறு கேமரா அவ்வொளியைக் கண்டு, தான் திரையின் எப்பகுதியை நோக்குகிறது என்பதை அறியும். பயனருக்கு இவையெல்லாம் தெரியவேண்டியதில்லை. மட்டையை வீசுவதுபோல் கையை வீசினால் திரையிலுள்ள உருவம் பந்தை அடிக்கும். ஆங்கிலத்தில் 'நாம்' என்னும் பொருளுடைய சொல்லைப் போல ஒலிக்கும் 'வீ' என்ற பெயர், எல்லோருக்குமான கருவி என்பதைக் குறிப்பதற்காகவே சூட்டப்பட்டது.

இல்லங்களில் பரவியது

2006 நவம்பர் 19 அன்று அமெரிக்காவிலும், டிசம்பர் 2 அன்று ஜப்பானிலும் வீ விற்பனைக்கு வந்தது. அமெரிக்காவில் அதன் விலை 250 டாலர். அதே மாதம் அங்கு வெளியான பிளேஸ்டேஷன் 3இன் குறைந்த விலை 500 டாலர். ஜப்பானுக்கு வெளியே பெரும்பாலான நாடுகளில் 'வீ ஸ்போர்ட்ஸ்' என்னும் விளையாட்டுத் தொகுப்பு கருவியுடனேயே வழங்கப்பட்டது. டென்னிஸ், பேஸ்பால், பௌலிங், கோல்ஃப், குத்துச்சண்டை ஆகிய ஐந்தும் அதில் இருந்தன. விதிமுறைகளைக் கற்பிக்க வேண்டிய தேவை ஏறக்குறைய இல்லை. தாத்தாவும் பேத்தியும் ஒரே அறையில் நின்று விளையாட முடிந்தது.

2007, 2008 ஆகிய ஆண்டுகளில் பல கடைகளில் கருவி கிடைக்காமல் மக்கள் காத்திருந்தனர். அமெரிக்காவின் முதியோர் குடியிருப்புகளில் வீ பௌலிங் போட்டிகள் நடந்தன. முடிவில் விற்பனையான வீ கருவிகளின் எண்ணிக்கை 10 கோடியே 16 லட்சம்; முந்தைய கேம்கியூபைப் போல ஏறத்தாழ ஐந்து மடங்கு.

சிக்கல்களும் உடன் வந்தன. வேகமாக வீசும்போது கைப்பிடி நழுவிப் பறந்து பொருள்களை உடைத்த நிகழ்வுகளையடுத்து, 2006 டிசம்பரில் 32 லட்சம் மணிக்கட்டு வார்களை மாற்றித் தருவதாக நின்டெண்டோ அறிவித்தது. 2007இல் புகழ்பெற்ற மருத்துவ இதழொன்றில் ஒரு மருத்துவரின் கடிதம் வெளிவந்தது. 29 வயதான அவர், பல மணி நேரம் வீ டென்னிஸ் ஆடியதால் வலது தோளில் தசைநாண் அழற்சியுற்று, வலிநிவாரணியும் ஒரு வார ஓய்வும் மேற்கொண்டு குணமடைந்தார். உண்மையான டென்னிஸ் என்றால் உடல் களைத்து ஆட்டத்தை நிறுத்தியிருக்கும். இங்கே அந்தத் தடை இல்லை. நலமான தோளுக்கே இந்நிலை என்பதை நாம் நினைவில் கொள்ள வேண்டும்.

சிகிச்சைக் கூடத்தில்

பக்கவாதத்தில் மூளையின் ஒரு பகுதி சேதமடைகிறது. எஞ்சிய பகுதிகள் இழந்த பணியை ஓரளவு ஏற்றுக்கொள்ளக் கூடியவை. ஆனால் அதற்கு ஒரே அசைவை, ஒரு நோக்கத்துடன், பலமுறை திரும்பத் திரும்பச் செய்ய வேண்டும். கையை நூறு முறை உயர்த்துங்கள் என்றால் யாரும் சலிப்படைவர். பந்தை அடிக்க வேண்டும் என்றால் எண்ணிக்கை மறந்துபோகும். பல நாடுகளின் மறுவாழ்வு மையங்கள் வீயை வரவேற்றதற்கு இதுவே காரணம்.

2007 டிசம்பரில் ஜப்பானில் வெளிவந்த 'வீ ஃபிட்' விளையாட்டுடன் ஒரு பலகையும் வந்தது. அதன் நான்கு மூலைகளில் எடையை அறியும் உணரிகள் உண்டு. அதன்மேல் நிற்பவர் இடப்புறமோ வலப்புறமோ எவ்வளவு சாய்கிறார் என்பது உடனே திரையில் தெரியும். வலுவிழந்த காலின்மேல் எடையைச் செலுத்தப் பழகுபவருக்கு இத்தகவல் பயனுள்ளது. ஆஸ்திரேலிய ஆய்வாளர்கள் 2010இல் இப்பலகையை, அதைவிடப் பன்மடங்கு விலையுள்ள ஆய்வகக் கருவியுடன் ஒப்பிட்டு, நிற்கும் சமநிலையை அளக்க இது நம்பத்தக்கதே என்று கண்டனர்.

எனினும் சிகிச்சையாளர்கள் குறையையும் கண்டனர். வீ டென்னிஸில் தோளையும் முழங்கையையும் அசைக்காமல் மணிக்கட்டை மட்டும் வெட்டியிழுத்தாலும் பந்து பறக்கும். கருவிக்கு அது வெற்றி. நோயாளிக்கோ தேவையான பயிற்சி நடைபெறவில்லை. அருகில் நின்று அசைவைத் திருத்த ஒருவர் தேவைப்பட்டார்.

ஆய்வுகள் கூறுவது

2010இல் கனடாவில் 22 பக்கவாத நோயாளிகளைக் கொண்டு ஒரு சிறிய ஆய்வு நடந்தது. வீ விளையாடியவர்களின் கை, பிற பொழுதுபோக்கில் ஈடுபட்டவர்களின் கையைவிடக் கூடுதல் முன்னேற்றம் கண்டதாக அது தெரிவித்தது. நம்பிக்கை பெருகியது. ஆனால் 22 பேரை வைத்து உறுதியான முடிவுக்கு வர இயலாது. ஆகவே அதே ஆய்வாளர்கள் நான்கு நாடுகளில் 14 மையங்களில் 141 நோயாளிகளைக் கொண்டு பெரிய ஆய்வொன்றை நடத்தி, 2016இல் முடிவை வெளியிட்டனர்.

அனைவரும் வழக்கமான சிகிச்சையைப் பெற்றனர். அதனுடன், ஒரு பிரிவினர் இரண்டு வாரங்களில் பத்து அமர்வுகள், அமர்வுக்கு ஒரு மணி நேரம் என வீ விளையாடினர். மற்றொரு பிரிவினர் அதே அளவு நேரம் சீட்டு ஆடுதல், மரக்கட்டைகளை அடுக்குதல், பந்து விளையாடுதல் போன்ற எளிய பொழுதுபோக்குகளில் ஈடுபட்டனர். இரு பிரிவினரின் கைத்திறனும் மேம்பட்டது. இரண்டிற்கும் இடையே குறிப்பிடத்தக்க வேறுபாடு இல்லை. சீட்டு விற்றுத் தொடங்கிய நிறுவனத்தின் மின்னணுக் கருவி, சிகிச்சைக் கூடத்தில் சீட்டுக்குச் சமமாகவே நின்றது.

இதனால் வீ பயனற்றது என்று பொருளாகாது. விளையாடியவர்கள் முன்னேறினர். அம்முன்னேற்றத்திற்குக் குறிப்பிட்ட ஒரு கருவி இன்றியமையாதது அன்று என்பதே ஆய்வு தரும் செய்தி. வீயின் உற்பத்தியும் 2013இலேயே ஜப்பானில் நிறுத்தப்பட்டுவிட்டது. ஆகவே பழைய கருவியைத் தேடி அலையவோ, புதிய கருவிக்காகக் கடன் வாங்கவோ தேவையில்லை. வீட்டில் ஏற்கெனவே ஒரு கருவி இருந்து, நோயாளியும் அதை விரும்பினால், உங்கள் இயன்முறை மருத்துவரைக் கேட்டுப் பயன்படுத்தலாம்.

இல்லத்தில் செய்யத்தக்கவை

சீட்டைக் கலைத்தல், ஒவ்வொன்றாக எடுத்து வைத்தல், திருப்புதல் ஆகியவை விரல்களுக்கும் மணிக்கட்டுக்கும் பயிற்சி தருவன. பல்லாங்குழி, தாயம், கேரம் ஆகியவை மேற்கண்ட ஆய்வில் இடம்பெறவில்லை. எனினும் சோழியைக் கட்டைவிரலாலும் சுட்டுவிரலாலும் பற்றி எடுப்பதும், குழிக்கு ஒன்றாக இடுவதும் நாங்கள் சிகிச்சைக் கூடத்தில் செய்யச் சொல்லும் அசைவுகளை ஒத்தவை. உங்கள் நோயாளிக்கு எது பொருந்தும் என்பதை அடுத்த வருகையின்போது கேட்டறியுங்கள்.

எந்த விளையாட்டாயினும் பின்வருவனவற்றை மனத்தில் கொள்ளுங்கள்:

• மருத்துவர் கூறிய பயிற்சிகளை விளையாட்டுக்காக விட்டுவிட வேண்டாம். விளையாட்டு அவற்றோடு சேர்வது, அவற்றுக்கு மாற்றாகாது.

• நலமான கை முந்திக்கொள்ளும். வலுவிழந்த கையால் எவ்வளவு இயலுமோ அவ்வளவு செய்யவிடுங்கள். மெதுவாக இருப்பினும் பொறுத்திருங்கள்.

• தளர்ந்த தோளை வேகமாக வீசவோ, பிறர் பிடித்து இழுக்கவோ கூடாது. வலி தோன்றினால் உடனே நிறுத்துங்கள்.

• நின்று விளையாடலாம் என்று இயன்முறை மருத்துவர் கூறும்வரை, கைப்பிடியுள்ள நாற்காலியில் அமர்ந்தே விளையாட வேண்டும். நிற்கும்போது, வலுவிழந்த பக்கத்தில் ஒருவர் துணை நிற்க வேண்டும். தரையில் விரிப்பும் ஈரமும் இருத்தலாகாது.

• வலிப்பு நோய் உள்ளவர்களும், இதயத்தில் பேஸ்மேக்கர் பொருத்தப்பட்டவர்களும் மின்னணுக் கருவியுடன் விளையாடும் முன் தம் மருத்துவரிடம் கேட்க வேண்டும்.

• களைப்பு மிகும் முன்பே நிறுத்துங்கள். ஒரே நாளில் நெடுநேரம் ஆடுவதைவிட, நாள்தோறும் சிறிது நேரம் ஆடுவது நன்று.

வீ விற்பனையான காலத்தில் அதைப் பலரும் தனித்து ஆடவில்லை. குடும்பமாகக் கூடியே ஆடினர். நோயாளியின் எதிரே அமர்ந்து அவருடன் விளையாட ஒருவர் இருந்தால், அவர் நாளையும் விளையாட வருவார். ஆகவே, கருவி வாங்குவதற்கு முன், மாலை வேளையில் அவருடன் அரை மணி நேரம் அமரக்கூடியவர் யார் என்பதைக் குடும்பத்தில் பேசி முடிவு செய்யுங்கள். ஒருவரால் இயலாதெனில் முறைவைத்து அமருங்கள். என்ன விளையாடினீர்கள், எந்த விரல் எவ்வளவு அசைந்தது என்பதை ஒரு குறிப்பேட்டில் எழுதி, மறு பரிசோதனைக்கு வரும்போது கொண்டுவாருங்கள். அடுத்த பயிற்சியைத் திட்டமிட அக்குறிப்பு எங்களுக்குப் பெரிதும் உதவும்.