நிலத்தடியில் ஒரு சேமிப்புக் கணக்கு

கணக்கில் இருப்பு எவ்வளவு என்று அறியாமல் நாம் காசோலை எழுதுவதில்லை. நிலத்தடி நீரை மட்டும் இருப்பு அறியாமலே எடுத்து வருகிறோம். 1882-ஆம் ஆண்டின் இந்திய வசதியுரிமைச் சட்டத்தின்படி, தம் நிலத்தின் அடியில் உள்ள நீரை எடுக்கும் உரிமை நில உரிமையாளருக்கு உண்டு. ஆனால் நீர் வரப்பை அறியாது. ஒருவர் ஆழமாகத் துளையிட்டால் அடுத்தவர் கிணறு வற்றுகிறது.

மகாராஷ்டிர மாநிலம் அகில்யாநகர் (முன்னர் அகமதுநகர்) மாவட்டத்தில் மழை குன்றிய பகுதியில் உள்ள ஹிவரே பஜார் கிராமம் இதற்கு ஒரு வழி கண்டது. 1989-இல் ஊராட்சித் தலைவரான போபட்ராவ் பவாரின் முயற்சியால், மக்கள் மலைச்சரிவுகளில் அகழிகள் வெட்டி, தடுப்பணைகள் கட்டி மழைநீரை மண்ணில் சேர்த்தனர். செலவுக்கும் வரம்பு வகுத்தனர். பாசனத்திற்கு ஆழ்துளைக் கிணறு கூடாது. நீரை மிகுதியாகக் குடிக்கும் கரும்பும் வாழையும் கூடாது. பெய்த மழையையும் கிணறுகளின் நீர்மட்டத்தையும் அளந்து, கிராம சபை ஆண்டுதோறும் நீர் வரவு செலவுத் திட்டம் வகுக்கிறது. குடிநீருக்கும் கால்நடைகளுக்கும் ஒதுக்கியபின் எஞ்சுவதற்கு ஏற்பவே பயிர் முடிவாகிறது. பிழைப்புத் தேடி வெளியேறிய குடும்பங்கள் பல ஊர் திரும்பின. பவாருக்கு 2020-இல் பத்மஸ்ரீ விருது அறிவிக்கப்பட்டது.

கிணற்றுக் கடன் கோரி வருவோரிடம் நாங்கள் நில ஆவணங்களைக் கேட்கிறோம். அவர்கள் தம்மிடமே கேட்டுக்கொள்ள வேண்டிய கேள்வியும் ஒன்று உண்டு: நம் ஊரின் நீர் இருப்பு எவ்வளவு? கிணறு பொய்த்தாலும் கடன் தவணை பொய்ப்பதில்லை. அடுத்த கிராம சபைக் கூட்டத்தில் இக்கேள்வியை எழுப்புவோம்.