வெடித்த டயருக்கு யார் பொறுப்பு?

புது தில்லி: நெடுஞ்சாலையில் டயர் வெடித்து வாகனம் கவிழ்ந்தால், பழி பெரும்பாலும் ஓட்டுநர் மீதே விழுகிறது. 2022-ஆம் ஆண்டில் நாட்டில் நிகழ்ந்த 4,61,312 சாலை விபத்துகளில் 1,68,491 பேர் உயிரிழந்ததாக மத்திய சாலைப் போக்குவரத்து அமைச்சகத்தின் அறிக்கை தெரிவிக்கிறது. இதில் 70 சதவீதத்துக்கும் அதிகமான உயிரிழப்புகளுக்கு அதிவேகமே காரணம் என்று பதிவாகியுள்ளது. குறைந்த காற்றழுத்தம், அதிக பாரம், தேய்மானம் ஆகியவற்றாலும் டயர்கள் வெடிக்கின்றன என்பது உண்மையே. ஆனால், தயாரிப்பிலேயே குறை இருந்ததா என்ற கேள்விக்கும் விடை தேடப்பட வேண்டும்.

மசோதா கடந்து வந்த பாதை

குறையுள்ள வாகனங்களைத் திரும்பப் பெறுவதற்கு வாகன உற்பத்தியாளர்கள் சங்கம் 2012-இல் தானாகவே ஒரு நெறிமுறையை வகுத்துக் கொண்டது. இதைச் சட்டமாக்கும் மோட்டார் வாகனத் திருத்த மசோதா 2017 ஏப்ரலில் மக்களவையில் நிறைவேறியது. மாநிலங்களவைத் தேர்வுக் குழுவின் ஆய்வுக்குப் பிறகும் நிறைவேறாமல், 16-ஆவது மக்களவையுடன் காலாவதியானது. அமைச்சர் நிதின் கட்கரி 2019 ஜூலையில் மீண்டும் கொண்டுவந்த மசோதா, ஆகஸ்ட் 9-இல் குடியரசுத் தலைவரின் ஒப்புதலைப் பெற்றது.

அதன் 110ஏ பிரிவின்படி, வாகன உரிமையாளர்களில் குறிப்பிட்ட சதவீதத்தினரோ, பரிசோதனை நிறுவனமோ, வேறு எவருமோ குறையைத் தெரிவித்தால், வாகனங்களைத் திரும்பப் பெறுமாறு மத்திய அரசு ஆணையிடலாம். குறை ஓர் உதிரிபாகத்தில் இருந்தால், அது பொருத்தப்பட்ட எல்லா ரக வாகனங்களையும் திரும்பப் பெறச் செய்யலாம். டயரைப் பொருத்தவரை இதுவே முக்கியமான ஷரத்து.

அமெரிக்கா கற்ற பாடம்

அமெரிக்காவில் ஃபோர்டு எக்ஸ்ப்ளோரர் வாகனங்களில் பொருத்தப்பட்ட ஃபயர்ஸ்டோன் டயர்களின் மேற்பட்டை பிரிந்து விபத்துகள் நேர்ந்தன. 2000 ஆகஸ்டில் சுமார் 65 லட்சம் டயர்கள் திரும்பப் பெறப்பட்டன. 271 உயிரிழப்புகள் இந்த டயர்களுடன் தொடர்புபடுத்தப்பட்டன. அதற்கு முந்தைய ஆண்டே சவூதி அரேபியாவில் ஃபோர்டு நிறுவனம் டயர்களை மாற்றிக் கொடுத்திருந்தது என்ற தகவல் பெரும் கொந்தளிப்பை ஏற்படுத்தியது. நாடாளுமன்ற விசாரணையைத் தொடர்ந்து, அதே ஆண்டு நவம்பரில் புதிய சட்டம் வந்தது. இழப்பீட்டுக் கோரிக்கைகள், உயிரிழப்புகள், வெளிநாடுகளில் டயர்களைத் திரும்பப் பெற்ற விவரங்கள் ஆகியவற்றை நிறுவனங்களே அரசிடம் தெரிவிப்பது கட்டாயமாயிற்று.

விடுபட்ட கடமை

குறையைத் தானே கண்டறியும் தயாரிப்பாளர் அதை அரசுக்குத் தெரிவிக்க வேண்டும் என்கிறது நமது 110ஏ பிரிவு. அவ்வாறு முன்வருபவருக்கு அபராதத்திலிருந்து விலக்கும் உண்டு. ஆனால், இழப்பீட்டுக் கோரிக்கைகளின் விவரங்களைக் குறிப்பிட்ட காலத்துக்கு ஒருமுறை அளிக்கும் கடமை அப்பிரிவில் இல்லை. அந்த விவரம் இன்றி, ஒரே தொகுப்பைச் சேர்ந்த டயர்கள் பல மாநிலங்களில் வெடித்தாலும், அவை தனித்தனி விபத்துகளாகவே பதிவாகும்.

கடையில் தனியாக வாங்கிப் பொருத்திய டயருக்கு மற்றொரு வழி உண்டு. ஆபத்தான பொருள்களைத் திரும்பப் பெற ஆணையிடும் அதிகாரத்தை மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையத்துக்கு 2019-ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் வழங்கியுள்ளது. எந்த வழியில் சென்றாலும் சான்று வேண்டும். தயாரிக்கப்பட்ட வாரத்தையும் ஆண்டையும் குறிக்கும் நான்கு இலக்க எண் டயரின் பக்கவாட்டில் உள்ளது. 2319 என்றால் 2019-ஆம் ஆண்டின் 23-ஆவது வாரம். அந்த எண் விபத்து அறிக்கையில் பதிவாகி, சிதைந்த டயரும் பாதுகாக்கப்பட்டால்தான் ஓட்டுநரின் தவறையும் ஆலையின் தவறையும் பிரித்தறிய முடியும். நாடாளுமன்றம் வழங்கிய அதிகாரம் அப்போதுதான் சாலையில் பயன் தரும்.