பீரங்கிக்குக் கால் முளைத்த கதை

கள்ளக்குறிச்சியிலிருந்து உளுந்தூர்பேட்டை போகிறவர்கள் தியாகதுருகம் மலைக்கோட்டையைப் பார்க்காமல் கடக்க முடியாது. பதினெட்டாம் நூற்றாண்டில் ஆங்கிலேயர், பிரெஞ்சுக்காரர், மைசூர்க்காரர் என எல்லோருமே அந்தப் பாறைமீது கண் வைத்தார்கள். 1790-இல் திப்புவின் படை முட்டிப் பார்த்தபோது, முன்பு வந்தவாசியைக் காத்துப் பெயர் வாங்கிய கேப்டன் ஃபிளின்ட் அதைத் திருப்பி அனுப்பினார். அன்றைய போரில் பீரங்கி என்பது மாடு இழுத்துக்கொண்டுபோய் ஓரிடத்தில் நிறுத்தும் பொருள். நிறுத்தியபின் அதுவும் ஒரு சின்னக் கோட்டைதான். எதிரி அது நிற்கும் இடத்தைக் கண்டுகொண்டால் ஓட வழியில்லை. இருநூறு ஆண்டுகளில் குழல் நீண்டது, குண்டு கனத்தது. ஆனால் பீரங்கியின் தலைவிதியை மாற்றியது அதன் கால்கள்தான் என்பது என் கட்சி.

இந்திய ராணுவத்தின் கே-9 வஜ்ரா என்ற, தானே ஓடும் பீரங்கியை எடுத்துக்கொள்வோம். தென்கொரியாவின் ஹன்வா நிறுவனத்தின் வடிவமைப்பு. குஜராத் ஹசிராவில் எல் அண்ட் டி தயாரிக்கிறது. 2017-இல் சுமார் 4,500 கோடி ரூபாய்க்கு 100 வண்டிகள் கேட்கப்பட்டன. 2021 பிப்ரவரியில் நூறாவது வண்டி ஒப்படைக்கப்பட்டது. 155 மி.மீ. வாய், எட்டு மீட்டர் நீளக் குழல், ஏறத்தாழ 40 கி.மீ. வீச்சு. கள்ளக்குறிச்சியில் நின்று சுட்டால் உளுந்தூர்பேட்டையில் விழும். எல்லோரும் இந்த எண்ணைத்தான் மேற்கோள் காட்டுகிறார்கள். எனக்கு முக்கியமாகப் படுவது வேறு கணக்கு. ஐந்து பேர் இரும்புக் கூட்டுக்குள் உட்கார்ந்திருக்க, சிமென்ட் மூட்டையைவிடச் சற்றே இலேசான குண்டை இயந்திரம் குழலுக்குள் தள்ள, வெடிமருந்தை ஒருவர் கையால் வைக்க, 15 விநாடியில் மூன்று குண்டுகள் பறந்துவிடும். இன்றைய ரேடார் பறக்கும் குண்டின் பாதையை வைத்து அது கிளம்பிய இடத்தைக் கண்டுபிடித்துவிடுகிறது. பதில் குண்டு வந்து விழ ஓரிரு நிமிடமே பிடிக்கும். அதற்குள் 1,000 குதிரைத்திறன் எஞ்சின் அந்த 47 டன் வண்டியை வேறெங்காவது கொண்டுபோயிருக்க வேண்டும்.

நகராவிட்டால் என்ன ஆகும் என்பதற்குச் சாட்சி இருக்கிறது. 2010 நவம்பர் 23 அன்று வடகொரியா யோன்பியோங் தீவின்மீது குண்டு பொழிந்தபோது அங்கே ஆறு கே-9 பீரங்கிகள் இருந்தன. நிலையான கான்கிரீட் அரண்களுக்குள் நின்றிருந்த அவற்றில் முதலில் திருப்பிச் சுட முடிந்தது மூன்றால்தான். ஒன்றில் பயிற்சியின்போது வெடிக்காத குண்டு சிக்கியிருந்தது. விழுந்த குண்டுகளின் அதிர்ச்சியில் வேறு இரண்டு முடங்கின. காலுள்ள பீரங்கியைக் கட்டிப்போட்டால் அது தியாகதுருகத்துப் பீரங்கிதான்.

இதற்கு மறுப்பு உண்டு. 47 டன் வண்டி கல்வராயன் மலையிலுள்ள வெள்ளிமலைக்குப் போகும் கொண்டைஊசி வளைவுகளில் என்ன பாடுபடும் என்று கேட்டால், பதில் சொல்லச் சிரமம்தான். அப்படிப்பட்ட இடத்துக்கு ஹெலிகாப்டரில் தொங்கவிட்டுக் கொண்டுபோகும் நாலு டன் எம்-777 பீரங்கிதான் சரி. கார்கிலில் வேலை செய்ததும் இழுத்துச் செல்லும் போஃபர்ஸ் பீரங்கிதானே? ஆனால் மலை என்பது சரிவு மட்டுமல்ல. கல்வராயனில் ஏறி முடித்தால் வயலும் ஊருமாக மேட்டுநிலம் விரிகிறது. கிழக்கு லடாக்கும் பல இடங்களில் அப்படித்தான், பாலைவனத்துக்கென்று வாங்கிய வஜ்ரா 2021-இல் அங்கே போனதும் அதனால்தான். இன்னொரு மறுப்பு கனமானது. உக்ரைனில் ட்ரோன்கள் இத்தகைய வண்டிகளை மேலிருந்தே தாக்குகின்றன. மரத்தடியில் ஒளித்துவைத்த சாதாரண இழுவைப் பீரங்கி சில நேரம் அதிக நாள் பிழைக்கிறது. ஒப்புக்கொள்ள வேண்டியதுதான். ஆனால் ஒளிய மரம் வேண்டும். தார் பாலைவனத்தில் அது எங்கே இருக்கிறது? அங்கே டாங்கிகளோடு சேர்ந்து ஓட முடியாத பீரங்கி பின்தங்கித்தான் போகும்.

பீரங்கிக்குக் கால் வைப்பது சென்னையை அடுத்த ஆவடிக்குப் புதிய பாடமில்லை. அங்கே தயாரான விஜயந்தா டாங்கியின் அடிச்சட்டத்தில் சோவியத் 130 மி.மீ. பீரங்கியை ஏற்றிக் ‘காடபுல்ட்’ என்று பெயரிட்டார்கள். தலைக்குமேல் ஒரு கூரை, சுற்றிலும் பெரும்பாலும் திறந்தவெளி. பிறகு அர்ஜுன் டாங்கியின் அடிச்சட்டத்தில் தென்னாப்பிரிக்க டெனெல் நிறுவனத்தின் சுழல்கூண்டைப் பொருத்திய ‘பீம்’ வந்தது. 2005-இல் டெனெல் கறுப்புப் பட்டியலில் சேர, பீமும் அத்தோடு போயிற்று. லஞ்சப் புகார் எழுந்தது வேறொரு துப்பாக்கி பேரத்தில், தண்டனை பீரங்கிக்கு!

அதன்பின் குழல் செய்வதில் நாம் தேறிவிட்டோம். போஃபர்ஸை வைத்து தனுஷ் செய்தோம், 48 கி.மீ. எட்டிய அடாக்ஸ் பீரங்கிக்கு 2025 மார்ச்சில் ஒப்பந்தமும் ஆனது. இரண்டுமே இழுத்துச் செல்லும் வகை. கால் உள்ளதற்கு மறுபடியும் வஜ்ராவிடமே போனோம்: 2024 டிசம்பரில் 7,628.70 கோடி ரூபாய்க்கு ஒப்பந்தம். அதன் எஞ்சின் ஜெர்மன் வடிவமைப்பு. நம் அர்ஜுனுக்கும் ஜெர்மன் எஞ்சின்தான். ஆவடி ஆய்வகம் முனைந்து உருவாக்கிய 1,500 குதிரைத்திறன் டாங்கி எஞ்சின் 2024 மார்ச்சில் முதன்முறையாக உயிர்பெற்றது, சோதனை மேடையில். இடம், திப்புவின் மைசூர்.